பெரியப்பாவுக்குத் தெரியாத பாடம்

ஒவ்வொரு ஜூன் மாதமும் ப்ளஸ் ஒன்னில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் யாராவது ஒருத்தி எழுந்து என்னைக் கேட்பாள்: "மிஸ், நீங்க ஏன் மேத்ஸ் எடுத்தீங்க?" நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தவளக்குப்பம் ஜங்ஷனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சின்ன வயசுலேர்ந்தே எனக்கு நம்பர்னா உயிர்" என்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். சுத்தப் பொய். சின்ன வயதிலிருந்தே எனக்கு எண்களைக் கண்டால் ஓடி ஒளியத் தோன்றும். இன்றைக்கும் ஒரு கணக்கைப் போர்டில் போட்டுவிட்டு, விடை சரியாக வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருநாள், யார் யார் எதற்காக எந்தப் பாடத்தை எடுத்தோம் என்று பேச்சு வந்தது. கெமிஸ்ட்ரி மிஸ் சேர்ந்தது உயிர்த்தோழி சேர்ந்தாள் என்பதற்காக (தோழி ஒரே மாதத்தில் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள்). ஹிஸ்டரி சார் சேர்ந்தது அன்றைக்கு அந்த வரிசையில்தான் கூட்டம் குறைவு என்பதற்காக. வீட்டு வாசலில் நிற்கிற பஸ் எந்தக் காலேஜுக்குப் போகிறதோ அங்கே மிச்சம் இருந்த பாடத்தைப் படித்தேன் என்றார் தமிழ் ஐயா. எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. எவ்வளவு அற்பமாக இருந்தாலும் அது அவரவர் காரணம். என் முறை வருவதற்குள் பெல் அடித்துவிட்டது, தப்பித்தேன்.

நான் படிக்க ஆசைப்பட்டது பிரெஞ்சு. அந்த மொழியின் மேல் காதல், அதன் இனிமையில் மயங்கினேன் என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அதுதான் காரணம், அது மட்டும்தான் காரணம்.

பெரியப்பா மில்லில் டைம் ஆபீஸில் இருந்தவர். எந்தத் தொழிலாளி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு உள்ளே வந்தான், வெளியே போனான் என்று குறித்து வைக்கிற வேலை. மில்லை மூடிவிட்டார்கள். பெரியப்பா மட்டும் டைம் ஆபீஸை மூடவில்லை, முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இடம் மாற்றிவிட்டார், அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும். "வாணி, பதினேழு பதிமூணு?" நான் வாயில் வைத்த சோற்றை விழுங்குவதற்குள், "என்ன, பேச்சக் காணோம்?" என்பார். அப்புறம் இங்கிலீஷ் பேப்பரை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அதற்கப்புறம் இந்தியாவின் ஆறுகள். பதில் தப்பானால் திட்டமாட்டார், அடிக்கமாட்டார். அப்பாவின் பக்கம் திரும்பி, "பாத்துக்கடா" என்று ஒரே வார்த்தை சொல்வார். அந்தப் 'பாத்துக்கடா'வில் என் எதிர்காலம் மொத்தமும் தரைமட்டமாகிவிடும்.

அப்பாவும் அதே மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தவர்தான். மில் மூடிய பிறகு பீச்சுக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன் ஆனார். நல்ல மனிதர். ஆனால் தன் அண்ணனைக் கேட்காமல் ஒரு ஜோடி செருப்புகூட வாங்கமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுக்கலாம், பிரெஞ்சும் எடுக்கலாம். மார்க் வேண்டும் என்கிற பிள்ளைகள் எல்லாம் பிரெஞ்சு எடுப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். பேசத் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டு பாடம், பாடத்துக்கு ஆறு கேள்வி, இரண்டு கட்டுரை, விடுமுறையைப் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம். மனப்பாடம் செய்து அப்படியே இறக்கி வைத்தால் போதும். எங்கள் மதாம் (பிரெஞ்சு டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்லவர், போர்டில் எழுதிப் போடுவார். நான் எழுத்துக்கூட்டலை ஒரு பக்கமும் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் இன்னொரு பக்கமும் எழுதிக்கொள்வேன். 'மரி வா ஓ மார்ஷே. எல் அஷேத் தேஸொஞ்ஞோன்.' மரி சந்தைக்குப் போகிறாள், வெங்காயம் வாங்குகிறாள். மூன்றாம் பாடம், இரண்டாம் பத்தி. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மரியின் புண்ணியத்தில் ப்ளஸ் டூவில் பிரெஞ்சில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று. கணக்கில் நூற்று நாற்பத்தொன்று, அதுவும் பெரியப்பாவின் 'பாத்துக்கடா'வுக்குப் பயந்து வாங்கியது. வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் அப்பா என் மார்க் ஷீட்டின் ஜெராக்ஸை ஒட்டினார். பிரெஞ்சு மார்க்குக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், "எம் பொண்ணு பிரெஞ்சுல தண்ணியா ஓடுது" என்பார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டு வார்த்தை: போன்ழூர் (வணக்கம்), மெர்சி (நன்றி). கேட்டைத் திறக்கும்போது ஒன்று, மூடும்போது ஒன்று.

காலேஜ் விண்ணப்பத்தில் இரண்டு பாடம் குறிப்பிடலாம். முதலாவதாக பி.ஏ. பிரெஞ்சு என்று எழுதினேன். இரண்டாவதாக பி.எஸ்ஸி. கணிதம், பெரியப்பா பக்கத்தில் நின்று எழுத வைத்தது. என் கெட்ட நேரம், இரண்டு பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகளோடு போய் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். ஒன்றில் கையெழுத்துப் போட்டால் இன்னொன்று அடுத்த பெயருக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பெரியப்பா வந்தார். அன்றைக்குப் பெருக்கல் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "பிரெஞ்சு படிச்சி என்ன பண்ணப் போற?" என்றார். நான் தயாராக இருந்தேன். மொழிபெயர்ப்பு, டூரிஸம், பிரான்ஸில் மேல்படிப்பு என்று மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்பித்தேன். (இனி மூணு வருசம் நீங்க என்னை ஒரு கேள்வியும் கேக்க முடியாது பெரியப்பா என்பதுதான் உண்மையான பதில். அதை எப்படிச் சொல்ல முடியும்?) அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "மார்க்கு எல்லாரும்தான் வாங்குதுங்க. இதுக்குப் பேச வருமா? அது தெரியணும் எனக்கு" என்றார்.

அப்போது அப்பா வாயைத் திறந்தார். அண்ணன் எதிரில் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். கெஸ்ட் ஹவுஸில் ஒரு முசியே தங்கியிருக்கிறார், தினமும் காலையில் தன்னோடு போன்ழூர் சொல்லிக் கை குலுக்குகிறார், அவ்வளவு நல்ல பிரெஞ்சுக்காரர், நாளை மதியம் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறேன், வாணி அவரோடு பேசட்டும் என்றார். "அவரே சொல்லிடுவாருண்ணா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரியப்பா யோசித்துவிட்டு, "சரி. அந்தாளுக்கு வெளங்கிச்சுன்னா பிரெஞ்சு. வெளங்கலன்னா கணக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இந்த இடத்திலேயே நான், "எனக்குப் பேச வராது, எழுதத்தான் வரும்" என்று சொல்லியிருக்கலாம். சுவரில் சிவப்பு வட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பாடம் கையில் இருக்கும்போது ஒரு மனிதரோடு ஒரு வேளைச் சாப்பாட்டைச் சமாளிக்க முடியாதா என்று நினைத்துக்கொண்டேன். பதினேழு வயதில் மனுஷிக்கு இருக்கிற தைரியம் வேறு எந்த வயதிலும் இருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா விடியற்காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தாள். வெள்ளைக்காரருக்குக் காரம் ஆகாது என்று அப்பா நாலு முறை சொன்னார். அம்மா நாலு முறையும் தலையாட்டிவிட்டு, வழக்கமாகப் போடுகிற மிளகாய்த்தூளைப் போட்டாள். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் பெயர் என்ன, எங்கிருந்து வருகிறீர்கள், உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்று முதல் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு அப்பா அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், செம்பட்டைத் தாடி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, "போன்ழூர்" என்றார். அப்பா பெருமையோடு பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா வாட்சைப் பார்த்தார். வந்தவர் சேரில் உட்கார்ந்து, என்னிடம் மெல்ல இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார். நானும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பா கையைத் தூக்கி இரண்டு பேரையும் நிறுத்தினார். இங்கிலீஷ் பேசினால் பரீட்சை செல்லாது என்றார். வந்தவருக்கும் "நோ இங்கிலீஷ்" என்று சொல்லி, என் பக்கம் கையைக் காட்டினார். வந்தவர் ஏதோ வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று அடக்கமாகத் தலையசைத்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். புன்னகைத்தார். "போன்ழூர்" என்றார்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். இன்னும் அன்பாக, "போன்ழூர், போன்ழூர்" என்றார்.

குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். "மெர்சி" என்றார். அப்பா ஒவ்வொரு பதிலுக்கும், "பாத்தியாண்ணா" என்று சிரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. முப்பது வருடம் டைம் ஆபீஸில் சாக்குப்போக்குக் கேட்டுப் பழகிய மனிதர். கேட்கிற கேள்வி வேறு வேறு, வருகிற பதில் அந்த இரண்டே வார்த்தை என்பது அவருக்கு மூன்றாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிட்டது.

"கேள்வி கேட்டதெல்லாம் போதும். நீ சேந்தாப்புல பேசு" என்றார்.

சேர்ந்தாற்போல் பேச எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எழுந்து நின்றேன். கைகளைக் கட்டிக்கொண்டேன். மூன்றாம் பாடத்தை ஆரம்பித்தேன். மரி சந்தைக்குப் போனாள். வெங்காயம் வாங்கினாள். தக்காளி என்ன விலை என்று கேட்டாள். கடைக்காரர் தக்காளி நன்றாக இருக்கிறது என்றார். இன்றைக்கு வெயில் அடிக்கிறது என்றாள் மரி. வந்தவர் சட்டென்று தாமும் எழுந்து நின்றார். கைகளைக் கூப்பினார். கண்களை மூடிக்கொண்டார். மரி வீட்டுக்குத் திரும்பி அம்மாவுக்கு முத்தம் கொடுக்கும்வரை அப்படியே நின்றார். நான் முடித்ததும் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார். அம்மாவும் எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் இலை போட்டார்கள். முதல் வாய் மீன்குழம்பிலேயே அவர் முகம் சிவந்தது. இரண்டாவது வாயில் கண்ணில் நீர் முட்டியது. மூன்றாவதில் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பெரியப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு அப்பாவிடம், "பாத்துக்கடா. ஒரு பிரெஞ்சுக்காரர அவரு பாஷையில பேசியே அழ வெச்சுட்டா" என்றார்.

அப்பா மறுபடியும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பெரியப்பா குரலை உயர்த்தவே இல்லை. "மூணு கேள்விக்கும் அந்தாளு போன்ழூர், மெர்சிங்கறாரு. மொதப் பாடத்துலேர்ந்து படிச்சிட்டு வான்னு நாசூக்கா சொல்றாரு. வீடு தேடி வந்த ஒரு ஆளுக்கே இது பேசறது வெளங்கலன்னா, காலேஜ்ல போயி இது யாருகிட்டப் பேசும்?" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. 'அதெல்லாம் படிச்சா வந்துடும்ணா' என்று அவர் சொல்லியிருந்தால் போதும், நான் எதிர்த்து நின்றிருப்பேன். அப்பா இலையில் மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒதுக்கின முள்ளையே மறுபடி ஒதுக்கினார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்தது. பெரியப்பா சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பேன், அந்த முள்ளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் மேத்ஸே சேந்துக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

பெரியப்பா கையைக் கழுவிக்கொண்டு, மணி ரெண்டே முக்கால், போதுமான நேரம் இருக்கிறது என்றார். அவருடைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்து, சர்ட்டிஃபிகேட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அழுதேன். அவருக்குக் காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்டும் அழுகையை நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி அதுதானோ, சிக்னலில் வண்டி நின்றதும், "பதினெட்டு பதினாலு?" என்று கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருநூற்று ஐம்பத்திரண்டு என்றேன். "பாத்தியா, வருது" என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

காலேஜ் ஆபீஸில் ஒரு கிளார்க் அம்மா பிரெஞ்சுப் பட்டியலை எடுத்து, என் பெயருக்கு மேல் ஸ்கேலை வைத்து, வளையாமல் நேராக ஒரு கோடு இழுத்தார். அவ்வளவு நேர்த்தியாக என் பெயரை யாரும் அடித்ததில்லை. கணிதப் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நேரம் எழுதச் சொன்னார்கள். மூன்று நாற்பது என்று பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்.

திரும்பி வரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வந்தவர் இன்னும் கிளம்பவில்லை. அம்மாவின் காபியைக் குடித்துக்கொண்டு, அப்பா விசிறியால் விசிற, மில் கால ஃபோட்டோ ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீங்கின முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பெரியப்பா வண்டியை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்த இடைவெளியில், மனத்தில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாக, உடைந்த இங்கிலீஷில் என்னிடம் சொன்னார்:

"யுவர் ப்ரேயர்... வெரி பியூட்டிஃபுல். தமிழ் லாங்வேஜ், வெரி சாஃப்ட். தேங்க் யூ."

அது தமிழ் இல்லை, பிரெஞ்சு என்றேன் இங்கிலீஷில். அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். தான் ஹங்கேரிக்காரன் என்றார். இந்த ஊரில் எல்லோரும் தன்னைப் பார்த்தவுடன் போன்ழூர் என்கிறார்கள், பதிலுக்குப் போன்ழூர் என்றால் சந்தோஷப்படுகிறார்கள், அதனால் தானும் சொல்கிறேன் என்றார்.

அவர் சொன்னதை எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். அப்பாவின் கையில் விசிறி அப்படியே நின்றது. "நம்ம ஊருக்கு வர்ற வெள்ளக்காரங்கன்னா பிரெஞ்சுக்காரங்கதான..." என்று அவர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். அத்தனை வருடம் கேட்டில் நின்று அவர் போன்ழூர் சொன்ன முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவர் கண்முன்னால் வந்து போயிருக்க வேண்டும். பெரியப்பா வாட்சைத் திருப்பிப் பார்த்தார். "அஞ்சேகால். ஆபீஸ பூட்டியிருப்பாங்க" என்றார். முதல் தடவையாக யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அப்பாவைக் கேட்டாள்: "எந்த ஊருன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

ஹங்கேரிக்காரர் நிலைமையை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டருகே நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் "போன்ழூர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காலேஜுக்குப் போயிருக்கிறார். பிரெஞ்சில் அடுத்த பெண் சேர்ந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இது தெரிந்ததே நாலைந்து வருடம் கழித்து, அம்மா சொல்லித்தான். தெரிந்திருந்தால் அந்த மூன்று வருடமும் அவரிடம் அவ்வளவு கடுகடுவென்று இருந்திருக்கமாட்டேன்.

அந்த மூன்று வருடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. சொல்லத்தக்கது ஒன்றுதான். இரண்டாம் வருடத்தில் பெரியப்பாவுக்குத் தெரியாத கணிதமும் உலகத்தில் உண்டு என்று கண்டுபிடித்தேன். குரூப் தியரி. ஆசையாசையாகப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல நம்பரே காணமே" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அது கெடக்கட்டும், பத்தொம்பது பதினாறு?" என்றார்.

அதைவிட என்னை அரிக்கிற விஷயம் வேறு. பாவம் ஹங்கேரிக்காரரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஐரோப்பாவில் பிறந்த மனிதருக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அதன் ஓசையாவது தெரிந்திருக்கும். என் பிரெஞ்சைக் கேட்டு அவர் அதைத் தமிழ் என்று நினைத்தார் என்றால், என் பிரெஞ்சு எப்படிப்பட்டது? பெரியப்பாவின் பரீட்சை தப்பு, பரீட்சகர் தப்பு, ரிசல்ட் மட்டும் சரியோ என்னவோ. இதை நான் இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா அன்றிலிருந்து மாறிவிட்டார். கெஸ்ட் ஹவுஸ் கேட்டில் எந்த வெள்ளைக்காரர் வந்து நின்றாலும், "விச் கண்ட்ரி?" என்று கேட்டுப் பதில் வாங்காமல் போன்ழூர் சொல்வதில்லை. வருகிறவர்கள் பாதுகாப்புப் பலம் என்று நினைத்துப் பாஸ்போர்ட்டை நீட்டினார்கள். முதலாளி அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். எங்கள் வீட்டிலோ அம்மாவின் கேள்வி எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. மாம்பழம் புளித்தால், "எந்த ஊருன்னு கேட்டியா?" புதிதாக வாங்கின மிக்ஸி நின்றுபோனால், "எந்த ஊருன்னு கேட்டியா?" என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அப்பா மாப்பிள்ளையைக் கேட்ட முதல் கேள்வி அதுதான். தவளக்குப்பம் என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அப்பா அவரை உட்காரச் சொன்னார்.

போன மாதம் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் என் பக்கத்தில் அப்பா, எதிர் வரிசையில் பெரியப்பா. பெரியப்பாவுக்கு இப்போது கை நடுங்குகிறது, காது மந்தம், வாட்ச் மட்டும் சரியாக ஓடுகிறது. சுற்றிலும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர்கள். சாம்பார் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா பந்தி முழுக்கக் கேட்கும்படி, "வாணி, பதினேழு பதிமூணு?" என்றார்.

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இத்தனை வருடத்து வஞ்சத்தையும் சேர்த்து, பிரெஞ்சில் கணீரென்று பதில் சொன்னேன்.

பெரியப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "என்னடா சொல்றா?"

"சரியாத்தாண்ணா சொல்றா" என்றார் அப்பா.

"ஒனக்கு எப்படிடா தெரியும்?"

அப்பா இலையைப் பார்க்கவில்லை. நேராக அண்ணன் முகத்தைப் பார்த்து, "எம் பொண்ணுக்குப் பிரெஞ்சு தெரியும்ணா" என்றார். பெரியப்பா குனிந்து சாம்பாரைப் பிசைய ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரிமாறினவர் குழம்பில் காரம் அதிகமா என்று கேட்டார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. பதினேழு பதிமூன்று இருநூற்று இருபத்தொன்று. அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது, மரி சந்தைக்குப் போகிறாள், வெங்காயம் வாங்குகிறாள்.